ஹிட்லர் அணியில் ஆட மறுத்த 'காகித மனிதர்'

ஒல்லியான உடம்பு. வெளுத்த முகம். பலமாகக் காற்று அடித்தால் பறந்து விடுவார் போல இருப்பார்.

வியன்னா நகர மக்கள் அவரைக் 'காகித மனிதர்' என்றே செல்லமாக அழைத்தார்கள். ஆனால், பந்து காலுக்கு வந்துவிட்டால் பயில்வான்கள் கூட அவரிடம் திணறிப் போவார்கள்!

அவர்தான் ஆஸ்திரியா நாட்டின் கால்பந்து வீரர் மாத்தியாஸ் சிண்டெலார்.

1903-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி, மொராவியாவில் ஒரு கிராமத்தில் பிறந்தார். ஏழைக் குடும்பம். பிழைப்புத் தேடி வியன்னாவுக்கு வந்து, தொழிலாளர்கள் வாழும் பாவோரிட்டன் பகுதியில் குடியேறினார்கள்.

முதல் உலகப்போர் மூண்டது. போர்முனைக்குப் போன தகப்பனார் 1917-ல் அங்கேயே மாண்டார். தாயார் ஊரார் துணிகளை வெளுத்து, சிண்டெலாரையும் அவருடைய 3 சகோதரிகளையும் காப்பாற்றினார்.

கந்தல் பந்து

பாவோரிட்டன் பையன்களிடம் பந்து வாங்கக் காசு ஏது? கந்தல் துணியைச் சுருட்டித் தைப்பார்கள். அதுதான் பந்து!

பக்கத்துக்கு 11 பேர் என்ற கணக்கும் கிடையாது. நாலு பேர் இருந்தால் நாலு பேர். குறுகலான தெரு, விழுந்தால் முட்டி பெயர்ந்துவிடும். பந்தைத் தூர உதைத்துவிட்டு ஓட இடம் இல்லை. எதிரே நிற்பவனைத் தாண்ட ஒரே வழி, காலால் ஏமாற்றுவதுதான். வலப்பக்கம் போவதுபோலப் பாசாங்கு செய்து இடப்பக்கம் நழுவ வேண்டும். கந்தல் பந்து துள்ளாது. ஆகவே, அதைக் காலோடு ஒட்டியே கொண்டு போகவேண்டும்.

முரட்டுப் பையன்கள் இடித்தால் நோஞ்சான் சிண்டெலார் என்ன ஆவார்? இடிபடாமல் நழுவக் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் ஐரோப்பாவே வியந்த வித்தை அதுதான்.

15-வது வயதில் 'ஹெர்த்தா' சங்கத்தில் சேர்ந்தார். 1923-ல் முழங்காலில் பலத்த காயம்! ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்து எழுந்தவர், அதன் பிறகு வலது முழங்காலில் கட்டுப் போடாமல் மைதானத்தில் இறங்கியதே இல்லை. அடுத்த ஆண்டு, பின்னாளில் 'ஆஸ்திரியா வியன்னா' என்று பெயர் பெற்ற சங்கத்துக்கு மாறினார்.

அற்புத அணி

தேசிய அணியின் தலைவிதியை நிர்ணயித்தவர் ஹியூகோ மைசல். சிண்டெலாரின் தெரு வித்தை அவருக்குப் பிடிக்கவில்லையோ என்னவோ, கொஞ்ச காலம் ஒதுக்கியே வைத்திருந்தார்.

1931 மே மாதம் மீண்டும் அழைத்தார். ஸ்காட்லாந்தை 5-0 என்று ஆஸ்திரியா தோற்கடித்தது. அதே மாதம் பெர்லினில் ஜெர்மனிக்கு 6 கோல்! 'அற்புத அணி' என்று உலகம் புகழ்ந்தது. 1934 உலகக் கோப்பையில் அரை இறுதி வரை போய், இத்தாலியிடம் ஒரே ஒரு கோலில் தோற்றது.

ஹிட்லர் வந்தார்

1938 மார்ச் மாதம் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தது. நாடே மறைந்தது. ஏப்ரல் 3-ந் தேதி, வியன்னாவில் ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் கடைசிப் போட்டி.

முதல் பாதியில் சிண்டெலார் எளிய வாய்ப்புகளை எல்லாம் கோட்டை விட்டார். வேண்டுமென்றே கேலி செய்தார் என்று சொல்வார்கள். இரண்டாம் பாதியில் கோல் அடித்தார்! ஆஸ்திரியா 2-0 என்று வென்றது.

ஜெர்மன் அணிக்கு ஆட அழைப்பு வந்தது. வயதாகிவிட்டது, முழங்கால் சரியில்லை என்று சொல்லி மறுத்துவிட்டார்.

அதே ஆண்டில் ஒரு காப்பிக் கடையை வாங்கினார். அதன் சொந்தக்காரர் யூதர். நாஜிகளின் நெருக்கடியால் விற்றவர். சிண்டெலார் நியாயமான விலை கொடுத்தார் என்பவர்களும் உண்டு. அது அவர் வாழ்வில் கறை என்பவர்களும் உண்டு. எப்படி ஆனாலும், விற்றவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

1939 ஜனவரி 23-ந் தேதி, ஒரு வீட்டில் சிண்டெலார் பிணமாகக் கிடந்தார். வயது 35. உடன் இருந்த பெண்ணும் பிழைக்கவில்லை. விஷப் புகையால் நேர்ந்த விபத்து என்று போலீசார் எழுதினார்கள். தற்கொலை என்றும், கொலை என்றும் ஊர் பேசியது.

இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். பிற்காலத்தில், பாவோரிட்டன் பகுதியில் ஒரு தெருவுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.