கஞ்சி வார்த்த கவிஞர் வேதநாயகம் பிள்ளை

தமிழுக்கு முதல் நாவலைத் தந்தவர் என்றே மாயூரம் வேதநாயகம் பிள்ளையைப் பலரும் அறிவர். அன்னார் சிறந்த கவிஞரும் ஆவார். பஞ்சத்தில் ஏழையின் பசி தீர்த்த வள்ளலும் ஆவார்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், 1826ஆம் ஆண்டு, கத்தோலிக்கக் குடும்பத்தில் அவர் பிறந்தார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து முன்சீப்பாக உயர்ந்தார். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் நீதி வழங்கினார்.

1859இல் அவருடைய 'நீதிநூல்' வெளிவந்தது. மோனையும் எதுகையும் தமிழ் யாப்பின் தொன்மையான தொடைகள். அவற்றைக் கொண்டு புலவர்க்கு மட்டுமே விளங்கும் புதிர்களை அவர் புனையவில்லை. கைக்கூலி வாங்குவோரின் இழிவையும் அன்றாட வாழ்வின் குற்றங்களையும் எளிய சொற்களால் பாடினார். ஓசையால் செய்யுள் நெஞ்சில் தங்கியது. எளிமையால் பொருளும் தங்கியது. பெண்கல்வியை வலியுறுத்திப் 'பெண்மதி மாலை' இயற்றினார். 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'யில் எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்க இசைப்பாடல்களை அளித்தார்.

1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. நம் தென்னார்க்காட்டுப் பகுதியும் அதற்குத் தப்பவில்லை. நிலமற்ற கூலி மக்களே பெரிதும் மடிந்தனர். அந்நாளில் பிள்ளையவர்கள் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு, மாயூரத்தில் கஞ்சித்தொட்டி அமைத்தார். அக்கொடையைக் கண்டு உருகிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் போற்றிப் பாடினார். சேரியில் பிறந்த நந்தனாரின் சரித்திரத்தைக் கீர்த்தனைகளாக்கியவரும் இப்பாரதியாரே.

1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளியாயிற்று. பத்தாண்டுகளுக்குப் பின், 1889இல் பிள்ளையவர்கள் மறைந்தார்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நம் பிள்ளைகள் இன்று யாப்பிலக்கணம் கற்கின்றனர். நம் முன்னோர்க்கு மறுக்கப்பட்ட செல்வம் அது. மோனை எதுகையைத் தேர்வுக்காக மட்டும் அவர்கள் கற்றல் போதாது. கற்றவன் பசித்தவனை மறவாதிருத்தலே கல்வியின் பயன் என்பதையும் இப்பெருந்தகையின் வாழ்விலிருந்து கற்பார்களாக.