மரத்தடிச் சாப்பாட்டை மறுத்த புச்சிபாபு

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் வழியில் இருக்கிறது செம்மங்குப்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கம் போகிறவர்கள் வெறுந்தரையிலும் தோப்போரத்திலும் பையன்கள் கிரிக்கெட் ஆடுவதைக் காணலாம். ஒருவனிடம் கடையில் வாங்கிய மட்டை இருக்கும். இன்னொருவனிடம் தென்னை மட்டையைச் செதுக்கிச் செய்த மட்டை இருக்கும். குச்சிகள் அகப்படாவிட்டால் நாலு செங்கல்லை அடுக்கிக் கொள்வார்கள். வெயில் ஏறியதும் எல்லோரும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். அந்த நிழல் அவர்களுக்குச் சுகமாகவே இருக்கும்.

ஆனால் இதே விளையாட்டில் மரத்தடி என்பது அவமானத்தின் அடையாளமாக இருந்த காலமும் ஒன்று உண்டு. அந்த அவமானத்தைப் பொறுக்காமல் தம் கைப்பொருளைச் செலவிட்டு, இந்தியர்களுக்கென்று ஒரு கோஷ்டியை உண்டாக்கியவர் புச்சிபாபு நாயுடு. தென்னிந்தியக் கிரிக்கெட்டின் தந்தை என்று இன்றும் போற்றப்படுகிறவர் அவர். அவருடைய முழுப்பெயர் மோதவரபு வேங்கட மகிபதி நாயுடு. அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. வீட்டார் வைத்த செல்லப் பெயரே சரித்திரத்தில் நிலைத்துவிட்டது.

துபாஷியின் வீடு

புச்சிபாபுவின் கதையைச் சொல்லுமுன் கடலூரில் உள்ள ஒரு கல்லறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேல்ஸ் நாட்டிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்த தாமஸ் பாரி என்ற வியாபாரி, 1824-ல் பரங்கிப்பேட்டையில் காலரா கண்டு இறந்தார். கடலூர் கிறைஸ்ட் சர்ச்சில் அவரை அடக்கம் செய்தார்கள். அவர் பெயரில் நடந்த கம்பெனிதான் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குச் சொந்தக்காரர். கரும்பு வண்டி ஓட்டிய தென்னாற்காடு மாவட்டக் குடியானவர்களுக்குப் பாரி கம்பெனியைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கம்பெனிக்குத் துபாஷியாக இருந்து பெரும் பொருள் ஈட்டியவர் மோதவரபு தேரா வேங்கடசாமி நாயுடு. துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர். ஆனால் வெறும் மொழிபெயர்ப்போடு அவர் வேலை முடிந்துவிடாது. ஊர் பாஷை தெரியாத துரைக்கு வாயும் காதும் அவரே. சரக்குக்கு விலை பேசுவது அவர். கடனுக்கு ஜாமீன் நிற்பது அவர். எந்த வியாபாரியை நம்பலாம், எவனை நம்பக்கூடாது என்று துரைக்குச் சொல்வதும் அவரே. துரைமார் சீமைக்குக் கப்பல் ஏறிப் போய்விடுவார்கள். துபாஷி வீட்டுச் செல்வம் இங்கேயே தங்கிப் பெருகும். சென்னைப் பட்டணத்தின் பழைய பணக்காரக் குடும்பங்கள் பலவற்றின் ஆதி இதுதான்.

1868-ல் பிறந்த புச்சிபாபு இந்தக் குடும்பத்தின் செல்லப் பேரப்பிள்ளை. மயிலாப்பூர் லஸ் பகுதியில் விசாலமான தோட்டத்தின் நடுவே அவர்கள் மாளிகை இருந்தது. பிள்ளைக்கு ஆங்கில மாதர்களை வைத்து நடை உடை பாவனை கற்பித்தார்கள். வெள்ளைக்காரர்களோடு கூசாமல் பழகப் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அக்காலத் தனவந்தர் வீடுகளின் கணக்கு. கணக்கு தப்பவில்லை. பையன் நன்றாகவே கற்றுக்கொண்டான். வெள்ளைக்காரருக்குச் சமமாகப் பழகக் கற்றவனுக்கு, அவர்கள் தன்னைச் சமமாக நடத்தவில்லை என்பதும் மற்றவர்களைவிடச் சுருக்கென்று தைக்கும் அல்லவா? பாட்டனார் போட்ட கணக்கில் அது மட்டும் சேரவில்லை.

சேப்பாக்கத்து வேலி

சென்னைக் கிரிக்கெட் கிளப்பை வெள்ளைக்காரர்கள் 1846-ல் தொடங்கினார்கள். சேப்பாக்கத்தில் பச்சைப் பசேலென்ற மைதானம், நிழலான பெவிலியன், வேளைக்கு வேளை விருந்து என்று சகல வசதிகளும் அங்கே உண்டு. அங்கத்தினராக இந்தியர்களுக்கு இடமில்லை. சிறு வயதிலேயே புச்சிபாபு அந்த ஆட்டத்தை வேடிக்கை பார்த்து அதில் மயங்கியவர். அங்கே நடப்பதையும் கவனித்து வந்தார்.

எதிர்க் கோஷ்டியாக ஆட வருகிற இந்தியர்களுக்கு மைதானத்தில் இடம் உண்டு. பந்து வீசலாம், ஓடலாம், வியர்க்க வியர்க்க ஆடலாம். மதிய இடைவேளை வந்ததும் வெள்ளைக்காரர்கள் பெவிலியனுக்குள் போய் மேஜை முன் உட்காருவார்கள். இந்தியர்கள் வெளியே மரத்தடிக்குப் போய்த் தங்கள் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவரை தோளோடு தோள் நின்று ஆடியவர்கள், சோற்று வேளையில் வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் பிரிந்துவிடுவார்கள்.

இதில் ஒரு சங்கடமான உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பந்தியில் ஜாதி பார்த்து இலை போட்ட காலம் அது. வெள்ளைக்காரன் நம்மை வெளியே உட்கார வைத்தான் என்று வருந்திய நம்மவர், தம்மில் ஒரு பகுதியாரை அதே போல வெளியே உட்கார வைத்திருந்தார்கள். புனாவில் பல்வங்கர் பாலு என்ற தாழ்த்தப்பட்ட வகுப்புப் பந்து வீச்சாளர் ஹிந்துக்கள் கோஷ்டிக்காக ஆடி வெற்றி தேடிக் கொடுத்தார். அவருக்கோ பெவிலியனுக்கு வெளியே, தனி மண் குவளையில் தேநீர் கொடுத்தார்கள். புச்சிபாபு தொடங்கிய கிளப்பும் முதலில் படித்தவர், வசதியுள்ளவர் ஆகியோரின் கிளப்பாகவே இருந்தது. அவர் செய்தது பெரிய காரியம். முழுக் காரியம் அல்ல. ஒரு வேலியை அகற்ற அவர் முனைந்தார். மற்ற வேலிகள் பின்னால் வந்தவர்களுக்கு மிச்சமிருந்தன.

இருபது வயதில் ஒரு கிளப்

1888-ல், இருபதே வயதில், புச்சிபாபு மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். கோட்டைக்கும், அன்று கறுப்பர் பட்டணம் எனப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுனுக்கும் இடையே இருந்த எஸ்பிளனேடு வெளிதான் அதன் இடம். பெயரில் உள்ள யுனைடெட் என்ற சொல் காரணத்தோடு வைத்தது. பம்பாயில் பார்சிகளுக்கு ஒரு கிளப், ஹிந்துக்களுக்கு ஒரு கிளப் என்று மதவாரியாகப் பிரிந்திருந்தார்கள். சென்னையில் இந்தியர் எல்லோருக்குமாக ஒரே கோஷ்டி என்ற எண்ணம் அப்போதே வேர் விட்டது.

கிளப் என்று பலகை மாட்டினால் மட்டும் கோஷ்டி உண்டாகிவிடுமா? தரையைச் சமப்படுத்த வேண்டும். பாய் விரிக்க வேண்டும். மட்டை, பந்து, காலுக்கு உறை, கைக்கு உறை, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, பூட்ஸ் எல்லாம் வேண்டும். சாதாரணக் குமாஸ்தாவுக்கு அப்போது எட்டாத செலவு இது. வேஷ்டியைத் தார்பாய்ச்சிக் கட்டி வெறுங்காலோடு ஓடிய இளைஞர்கள், உடையைக் கண்டே துரைமார் ஏளனமாகப் பார்க்காதபடி களத்தில் இறங்க வேண்டும் என்பது புச்சிபாபுவின் வைராக்கியம். வேண்டியதை எல்லாம் தம் பணத்தில் வாங்கிக் கொடுத்தார். ஆட்டத்தையும் கூட இருந்து சொல்லிக் கொடுத்தார். அவரே நல்ல மட்டையாளர். பந்தை ஓங்கி அடிப்பதில் பிரியம் உள்ளவர்.

எந்தத் தேசத்திலும் புகழ் பெற்ற கோஷ்டிகளின் ஆரம்பம் இப்படித்தான் இருந்திருக்கிறது. அமெரிக்காவில் கால்பந்து என்ற பெயரில் கையால் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒரு முரட்டு ஆட்டம் உண்டு. அதில் புகழ் பெற்ற கிரீன் பே பாக்கர்ஸ் என்ற கோஷ்டி 1919-ல் பிறந்தபோது, சட்டை வாங்கப் பணம் கொடுத்தது, இறைச்சியை டப்பாவில் அடைத்து விற்ற ஒரு கம்பெனி. கம்பெனி போய்விட்டது. கோஷ்டியின் பெயரில் அதன் தொழில் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் சென்னைக் கோஷ்டியின் வெள்ளைச் சட்டைக்குப் பின்னாலும் பாரி கம்பெனி வியாபாரத்தில் துபாஷி சேர்த்த பணம் இருந்தது. வெள்ளைக்காரர்களோடு செய்த வியாபாரத்தில் வந்த காசு, அவர்களோடு சமமாக உட்காருவதற்குச் செலவாயிற்று.

இருபது ஆண்டுக் காத்திருப்பு

கிளப் வளர்ந்தது. சேப்பாக்கத்துக் கனவான்களோடு பந்தயங்களும் நடந்தன. ஆடுகிற இந்தியர்களை ஆட்டக்காரர்களாக மதித்துப் பெவிலியனில் இடம் கொடுக்க வேண்டும் என்பதில் புச்சிபாபு விட்டுக் கொடுக்கவில்லை. கோர்ட்டுக்குப் போகவில்லை; கூட்டம் போட்டுக் கண்டிக்கவுமில்லை. அவர் அந்த ரகத்தைச் சேர்ந்த மனிதரல்லர். நன்றாக ஆடுகிற பதினோரு பேரைத் திரட்டி எதிரே நிறுத்தினால், மதிக்காமல் இருக்க முடியாத நாள் வரும் என்று நம்பினார்.

பம்பாய் அதற்கு வழி காட்டியிருந்தது. அங்கே 1892 முதல் பார்சிகளுக்கும் ஐரோப்பியர்களுக்கும் ராஜதானிப் பந்தயம் என்ற பெயரில் ஆட்டம் நடந்து வந்தது. சென்னையிலும் அதுபோல ஆண்டுதோறும் ஐரோப்பியர் ஒருபுறம், இந்தியர் ஒருபுறம் ஆடும் பந்தயம் வேண்டும் என்று புச்சிபாபு விரும்பினார். வெள்ளைக்காரர் கிளப்பில் நல்லெண்ணம் உள்ளவர்களும் இருந்தார்கள். பேச்சு முற்றி, 1908 டிசம்பரில் சேப்பாக்கத்தில் முதல் பந்தயம் என்று முடிவாயிற்று.

அந்த ஆண்டு எத்தகைய ஆண்டு என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1908 மார்ச்சில் வ.உ. சிதம்பரம் பிள்ளை கைதானார். திருநெல்வேலியில் கலவரம் வெடித்தது. ஜூலையில் அவருக்குத் தீவாந்தர தண்டனை விதித்தார்கள். சென்னையிலிருந்த பாரதியார் கடலூருக்கு வடக்கே, பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார். சுதேசிக் கப்பல் ஓட்டியவரைச் செக்கிழுக்க வைத்த அதே ஆட்சியின் மனிதர்களோடு, அதே ஆண்டின் முடிவில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிரிக்கெட் ஆடப் போவதைச் சிலர் கேலி செய்யலாம். ஆயினும் சிறையில் ஒருவர் கேட்ட சமத்துவத்தின் ஒரு சிறு துணுக்கைத்தான் மைதானத்தில் இன்னொருவர் கேட்டார் என்பதையும் மறுக்க முடியாது.

பந்தயத்துக்குக் கோஷ்டி தயாராயிற்று. ஏற்பாடுகள் எல்லாம் புச்சிபாபுவின் கையில். இருபது ஆண்டு உழைப்புப் பலிக்கும் வேளை. ஆனால் பந்தயத்துக்குச் சில நாட்களே இருக்கும்போது அவர் காலமாகிவிட்டார். வயது நாற்பது.

பந்தயம் நிற்கவில்லை. பி. சுப்பிரமணியம் தலைமை தாங்க, இந்தியர் கோஷ்டி சேப்பாக்கத்தில் இறங்கியது. யார் பாடுபட்டு அந்த நாளைக் கொண்டுவந்தாரோ அவர் அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

பிள்ளைகள் எடுத்த ஓட்டம்

அதன் பிறகு சில ஆண்டுகள் தொய்வு இருந்தது. 1915-16 முதல் ராஜதானிப் பந்தயம் முறையாக நிலைபெற்றது. பொங்கலை ஒட்டி நடந்ததால் பட்டணத்தில் அதற்குப் பொங்கல் பந்தயம் என்றே பெயர். கரும்பும் மஞ்சளும் வாங்கிய கையோடு ஜனங்கள் சேப்பாக்கத்துக்குக் கிளம்பினார்கள். இந்தியாவின் முதல் டெஸ்ட் தலைவரான சி.கே. நாயுடுவும் இந்தப் பந்தயங்களில் ஆடியவர்.

புச்சிபாபுவின் பிள்ளைகள் வேங்கடராமானுஜுலு, பாலையா, ராமசாமி ஆகியோர் தந்தையின் கோஷ்டியில் ஆடினார்கள். கடைசிப் பிள்ளை ராமசாமியைத் தாய்வழிப் பாட்டனாருக்குத் தத்துக் கொடுத்ததால் அவர் பெயருக்கு முன் சி என்ற எழுத்து வந்தது. அவர் 1922-ல் டென்னிசில் டேவிஸ் கோப்பைக்கு ஆடினார். பிறகு 1936-ல் இந்தியக் கிரிக்கெட் கோஷ்டியோடு இங்கிலாந்து சென்று, மான்செஸ்டரில் முதல் டெஸ்டில் இறங்கியபோது அவருக்கு வயது நாற்பது. தந்தை கண் மூடிய அதே வயது. முதல் இன்னிங்சில் 40 ஓட்டமும் இரண்டாவதில் 60 ஓட்டமும் எடுத்தார். இரண்டு ஆட்டங்களில் சர்வதேசப் பெயர் எடுத்த இந்த மனிதர், 1985-ல் ஒருநாள் சென்னையில் வீட்டை விட்டு வெளியே போனவர் திரும்பவே இல்லை.

ரஞ்சி கோப்பையின் முதல் பந்தயம் சென்னைக்கும் மைசூருக்கும் 1934 நவம்பர் 4-ம் தேதி சேப்பாக்கத்தில் நடந்தது. ஒரே நாளில் சென்னை ஜெயித்துவிட்டது. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் வீழ்த்தினார். முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். செங்கல்பட்டு ஜில்லாக் கிராமத்துப் பிள்ளை அவர். லஸ் மாளிகைக்கும் துபாஷித்தனத்துக்கும் சம்பந்தமில்லாதவர். புச்சிபாபு எஸ்பிளனேடில் போட்ட பாதை அந்தக் கிராமம் வரை நீண்டிருந்தது.

வெள்ளைக்காரர்கள் நாட்டை விட்டுப் போன பிறகு எதிர்க் கோஷ்டிக்கே ஆள் குறைந்தது. 1952 ஜனவரியோடு ராஜதானிப் பந்தயம் முடிந்தது. அடுத்த மாதம் அதே சேப்பாக்கத்தில் இந்தியா இங்கிலாந்தை ஒரு இன்னிங்சும் 8 ஓட்டமும் வித்தியாசத்தில் தோற்கடித்தது. டெஸ்ட் கிரிக்கெட்டில் இந்தியாவுக்கு அதுவே முதல் வெற்றி. வினூ மன்கட் 12 விக்கெட் எடுத்தார். ஜெயித்த கோஷ்டியில் சென்னைக்காரரான சி.டி. கோபிநாத்தும் இருந்தார்.

புச்சிபாபுவின் பெயரால் நடக்கும் கோப்பைப் பந்தயத்துக்குப் பல மாநிலக் கோஷ்டிகள் தமிழ்நாட்டுக்கு வருகின்றன. சில ஆண்டுகள் நின்றிருந்து 2023-ல் அது மறுபடி தொடங்கியபோது கோயமுத்தூர், சேலம், நத்தம், திருநெல்வேலி என்று வெளியூர்களில் ஆடினார்கள். உணவு இடைவேளையில் எந்தக் கோஷ்டிக்கும் தனி மரத்தடி கிடையாது.