காற்றைப் பிடித்த விஞ்ஞானி

குழந்தைகளே, பழைய லாரி ஒன்று குப்பென்று கரும்புகையைக் கக்கிவிட்டுப் போனால் என்ன செய்வீர்கள்? சட்டென்று மூக்கைப் பொத்திக் கொள்வீர்கள். லாரி போய்விடும். கொஞ்ச நேரத்தில் புகையும் கலைந்துவிடும். அத்துடன் ஆபத்து நீங்கிவிட்டது என்றுதான் நாம் நினைப்போம்.

ஆனால், வண்டிப் புகையில் கண்ணுக்குத் தெரியாத வாயுக்களும் இருக்கின்றன. அவை காற்றில் கலந்து, வெயில் பட்டதும் வேறொரு நச்சு வாயுவை உண்டாக்குகின்றன! இந்த உண்மையை உலகுக்குக் காட்டியவர் யார் தெரியுமா? அன்னாசிப் பழத்துக்கு மணம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்து கொண்டிருந்த ஒரு விஞ்ஞானி. அவர் பெயர் ஆரி ஹாகன் ஸ்மிட். அவருடைய கதையைத்தான் இப்போது படிக்கப் போகிறீர்கள்.

செடிகளின் நண்பர்

ஐரோப்பாவில் உள்ள நெதர்லாந்து நாட்டில் உட்ரெக்ட் என்றொரு நகரம் இருக்கிறது. அங்கே 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி ஹாகன் ஸ்மிட் பிறந்தார். அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தார். 1929-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

செடிகள் என்றால் அவருக்கு மிகவும் பிடிக்கும். செடி எப்படி வளர்கிறது, அதற்குள் என்னென்ன பொருட்கள் வேலை செய்கின்றன என்றெல்லாம் ஆராய்ந்தார். 1936-இல் அமெரிக்காவுக்கு வந்தார். அடுத்த ஆண்டு கலிபோர்னியா மாநிலத்தில், பாசடீனா என்ற ஊரில் உள்ள கால்டெக் என்ற புகழ்பெற்ற கல்வி நிறுவனத்தில் சேர்ந்தார். பாசடீனா எங்கே இருக்கிறது தெரியுமா? லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகரத்துக்குப் பக்கத்தில்! இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

கால்டெக்கில் அவர் மணங்களையும் சுவைகளையும் ஆராயத் தொடங்கினார். வெங்காயம், பூண்டு, திராட்சை மது என்று எதையும் விடவில்லை. அன்னாசிப் பழத்தின் மணத்துக்குக் காரணமான பொருட்களைப் பிரித்தெடுக்க டன் கணக்கில் பழங்கள் தேவைப்பட்டன. பழத்திலிருந்து வரும் ஆவியை மிகவும் குளிர்ந்த குழாய்கள் வழியே செலுத்துவார். ஆவி குளிர்ந்து துளித் துளியாகச் சேரும். அந்தத் துளிகளில் என்ன இருக்கிறது என்று சோதித்துப் பார்ப்பார். இந்த வித்தைதான் பின்னால் ஒரு பெரிய மர்மத்தை அவிழ்க்க உதவியது.

கண்ணைக் கரிக்கும் மூட்டம்

1943-ஆம் ஆண்டு ஜூலை மாதம். இரண்டாம் உலகப் போர் நடந்து கொண்டிருந்தது. ஒருநாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தைப் பழுப்பு நிற மூட்டம் சூழ்ந்து கொண்டது. கண்கள் எரிந்தன, தொண்டை கரகரத்தது, சற்றுத் தூரத்தில் இருக்கும் கட்டடம்கூடத் தெரியவில்லை. எதிரி நாடு விஷவாயு போட்டுவிட்டதோ என்றுகூடச் சிலர் பயந்தார்கள்!

புகையும் பனிமூட்டமும் கலந்ததைப் போல இருந்ததால் இதைப் பனிப்புகை என்கிறார்கள். முதலில் பழி ஒரு ரசாயனத் தொழிற்சாலை மீது விழுந்தது. அதை மூடிப் பார்த்தார்கள். பனிப்புகை போகவில்லை! அடுத்து, நிலக்கரிப் புகையில் இருக்கும் கந்தக வாயுதான் காரணமாக இருக்கும் என்று நினைத்தார்கள். லண்டனில் அப்படித்தான் இருந்தது. கந்தக வாயுவைக் குறைத்துப் பார்த்தார்கள். அப்போதும் கண் எரிச்சல் தீரவில்லை.

வயல்களிலும் பாதிப்பு. கீரைகளின் இலைகள் நிறம் மாறிக் கெட்டுப் போயின. கார் டயர்கள் சீக்கிரமே வெடிப்பு விட்டன. 1947-இல் காற்று மாசைக் கட்டுப்படுத்தத் தனி அமைப்பு ஒன்றை அங்கே ஏற்படுத்தினார்கள். ஆனால், குற்றவாளி யார் என்றே தெரியாமல் எப்படிப் பிடிப்பது?

ஜன்னலுக்கு வெளியே ஒரு குழாய்

அந்த அமைப்பினர் ஹாகன் ஸ்மிட்டிடம் உதவி கேட்டார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? அன்னாசிப் பழத்தை எடுத்து வைத்துவிட்டு, ஆய்வுக்கூட ஜன்னல் வழியே ஒரு குழாயை வெளியே நீட்டினார். 30,000 கன அடி காற்றை உள்ளே இழுத்தார். ஒரு மனிதர் ஏறக்குறைய இரண்டரை மாதம் சுவாசிக்கும் காற்று அது! பழ ஆவியைக் குளிர வைத்தது போலவே அந்தக் காற்றையும் குளிர வைத்தார். கடைசியில் கிடைத்தது பழுப்பு நிறத்தில், நாற்றமடிக்கும் சில துளிகள்.

அதைச் சோதித்தபோது மர்மம் மெல்ல விலகியது. பெட்ரோலிலிருந்து வரும் ஹைட்ரோகார்பன் என்னும் ஆவிகள் காற்றில் மாற்றம் அடைந்து உண்டான பொருட்கள் அதில் இருந்தன. இந்த ஆவிகளுடன், வண்டிப் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடு வாயு சேர்கிறது. மேலே சுள்ளென்று வெயில் அடிக்கிறது. உடனே வேதி வினை நடந்து ஓசோன் வாயு உருவாகிறது!

ஓசோன் நமக்கு நன்மை செய்யும் வாயு ஆயிற்றே என்று கேட்கிறீர்களா? வானத்தில் மிக உயரத்தில் இருக்கும் ஓசோன் படலம், சூரியனின் புறஊதாக் கதிர்களிலிருந்து நம்மைக் காக்கிறது. அதே ஓசோன் நாம் சுவாசிக்கும் காற்றில் கலந்தால் நுரையீரலைப் புண்படுத்தும். மேலே இருந்தால் நண்பன், கீழே வந்தால் பகைவன்!

லாஸ் ஏஞ்சல்ஸில் மட்டும் ஏன் இவ்வளவு தொல்லை? ஊரைச் சுற்றி மலைகள். ஒரு பக்கம் கடல். அதற்கு மேலே வெப்பமான காற்று ஒரு மூடியைப் போல நின்றுவிடும். உள்ளே லட்சக்கணக்கான கார்கள் புகை விட்டுக் கொண்டே இருந்தால் என்ன ஆகும்? சோற்றுப் பானைக்கு மூடி போட்டது போலத்தான்!

எதிர்ப்பும் பிடிவாதமும்

வேலை முடிந்தது என்று ஹாகன் ஸ்மிட் மறுபடியும் செடிகளிடம் போக நினைத்தார். ஆனால், பெட்ரோலிய நிறுவனங்களின் பணத்தில் ஆய்வு செய்தவர்கள், அவர் சொல்வது தவறு என்று மேடையிலேயே பேசினார்கள். அவருக்குக் கோபம் வந்தது. கோபத்தில் அவர் கூச்சல் போடவில்லை. மேலும் மேலும் சோதனைகள் செய்தார்!

மூடிய அறைக்குள் பெட்ரோல் ஆவியையும் நைட்ரஜன் ஆக்சைடையும் விட்டு, அதன் மீது ஒளியைப் பாய்ச்சினார். செயற்கைப் பனிப்புகை உருவானது. உள்ளே வைத்த செடிகளின் இலைகள் வயலில் கெட்டது போலவே கெட்டன. மனிதர்களின் கண்களும் அதே போல எரிந்தன. ரப்பர் துண்டுகளை வளைத்து வைத்தார். ஓசோன் பட்டதும் அவற்றில் வெடிப்பு விழுந்தது. எவ்வளவு நேரத்தில் வெடிப்பு விழுகிறது என்பதைக் கணக்கிட்டு, காற்றில் எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்று அளந்தார். டயர்கள் வெடித்த காரணமும் புரிந்துவிட்டது.

1952-இல் தன் ஆராய்ச்சியை விரிவாகக் கட்டுரையாக வெளியிட்டார். பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்து கசியும் ஆவியும், வாகனங்களின் புகையும்தான் முக்கியக் காரணம் என்பது தெளிவானது. இதை ஏற்றுக் கொள்வது மக்களுக்கும் எளிதாக இல்லை. ஏதோ ஒரு தொழிற்சாலை மீது பழி போடுவது சுலபம். நாம் ஆசையாக ஓட்டும் காரே குற்றவாளி என்றால்?

சட்டம் பிறந்தது

மெல்ல மெல்ல மாற்றம் வந்தது. வீட்டுக் கொல்லைப்புறங்களில் குப்பை எரிப்பது 1957-இல் தடை செய்யப்பட்டது. வாகனங்களின் புகைக் குழாயிலிருந்து எவ்வளவு மாசு வெளிவரலாம் என்பதற்கு, அமெரிக்காவிலேயே முதன்முறையாகக் கலிபோர்னியா விதி வகுத்தது. 1966-ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது.

1968-இல் கலிபோர்னியா காற்று வள வாரியம் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் யார் என்று நினைக்கிறீர்கள்? நம் ஹாகன் ஸ்மிட்தான்! 1971-இல் கார்களிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்சைடுக்கும் அந்த வாரியம் வரம்பு விதித்தது.

விதிகள் கடுமையானதால் கார் நிறுவனங்கள் புதிய கருவிகளைப் பொருத்தியே ஆக வேண்டியிருந்தது. அவற்றில் முக்கியமானது கேட்டலிடிக் கன்வெர்ட்டர். உள்ளே தேன்கூடு போலச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். பிளாட்டினம் போன்ற உலோகங்கள் அதில் பூசப்பட்டிருக்கும். அதன் வழியே செல்லும் நச்சு வாயுக்கள் தீங்கு குறைந்த வாயுக்களாக மாறிவிடும். அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டு மாடல் கார்களில் இது பரவலாக வந்தது. நம் நாட்டில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தக் கருவியைக் கெடுத்துவிடும். அதனால் ஈயம் கலக்காத பெட்ரோலும் கூடவே வந்தது.

பழைய வண்டிகளை என்ன செய்வது?

புதிய கார்களுக்கு விதி போட்டாயிற்று. ஏற்கெனவே சாலையில் ஓடும் பழைய வண்டிகள்? 1966 முதல் 1970 வரை வந்த மாடல் கார்களில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் கருவி பொருத்த வேண்டும் என்று கலிபோர்னியாவில் சட்டம் வந்தது. செலவு கார் வைத்திருப்பவருடையது. பழைய கார் வைத்திருப்பவர்களில் பலர் வசதி இல்லாதவர்கள். அதனால் பெரிய சர்ச்சை எழுந்தது. அந்தச் சர்ச்சை சூடாக இருந்த 1973-ஆம் ஆண்டிலேயே ஹாகன் ஸ்மிட்டின் தலைவர் பதவியும் முடிவுக்கு வந்தது.

பதவி போனாலும் பெருமை குறையவில்லை. அதே ஆண்டு அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. 1974-இல் சுற்றுச்சூழலுக்கான டைலர் பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அதைப் பெற்றவர்களில் அவரும் ஒருவர். 1977 மார்ச் 17-ஆம் தேதி, 76-வது வயதில் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். காற்று வள வாரியத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அந்த ஆண்டே அவர் பெயரைச் சூட்டினார்கள்.

பழைய வண்டிகளைப் பற்றிய கேள்விக்கு நல்லதொரு விடை பின்னால்தான் வந்தது. தூய்மையான எஞ்சின்களுக்காகப் பாடுபட்டு 1997-இல் மறைந்தவர் கார்ல் மோயர். அவர் நினைவாக 1998-இல் கலிபோர்னியாவில் ஒரு மானியத் திட்டம் தொடங்கப்பட்டது. மானியம் என்றால் திருப்பிக் கட்ட வேண்டாத உதவித்தொகை.

இது எப்படி வேலை செய்கிறது? ஒரு விவசாயியிடம் பழைய டீசல் டிராக்டர் இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அது நிறையப் புகை விடும். ஆனால், இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். புதியது வாங்கக் கையில் பணம் இல்லை. அப்போது, புதிய டிராக்டரின் விலையில் ஒரு பகுதியை இந்தத் திட்டம் தரும். லாரி, படகு, ரயில் எஞ்சின் ஆகியவற்றுக்கும் இப்படிக் கிடைக்கும். பள்ளிப் பேருந்துகளை மாற்றவும் தனியாக ஒரு திட்டம் வந்தது.

சும்மா கொடுத்துவிட மாட்டார்கள்! மூன்று நிபந்தனைகள் உண்டு. சட்டப்படி எப்படியும் செய்தே ஆக வேண்டிய வேலைக்கு மானியம் கிடையாது. அதற்கு மேலாகச் செய்தால்தான் பணம். கொடுக்கும் பணத்துக்கு எத்தனை டன் மாசு குறையும் என்று கணக்குப் பார்ப்பார்கள். பழைய எஞ்சினை உடைத்து நாசமாக்கிவிட வேண்டும். ஏன் தெரியுமா? அதை வேறு யாருக்காவது விற்றுவிட்டால், அதே புகை பக்கத்து ஊரில் கிளம்பும் அல்லவா?

இந்தப் பணத்தில் ஒரு பகுதி, வாகனம் வைத்திருப்பவர்களும் டயர் வாங்குபவர்களும் கட்டும் கட்டணத்திலிருந்து வருகிறது. புகை விடுபவர் பணம் கட்டுகிறார். புகையைக் குறைப்பவருக்கு அது உதவியாகப் போகிறது! இந்தியாவிலும் மின்சார வாகனங்களை ஊக்குவிக்க 2015-இல் மத்திய அரசு மானியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

நீங்களும் பார்க்கலாம்

லாஸ் ஏஞ்சல்ஸின் காற்று இன்னும் முழுதாகச் சுத்தமாகிவிடவில்லை. ஆனால், ஹாகன் ஸ்மிட் காலத்தைவிட வாகனங்கள் பெருகிய பிறகும், அன்றைய அளவுக்கு மோசமான பனிப்புகை இப்போது இல்லை. முதலில் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். பிறகு விதி செய்தார்கள். முடியாதவர்களுக்குக் கை கொடுத்தார்கள். மூன்றும் சேர்ந்ததால்தான் மாற்றம் வந்தது.

உங்கள் வீட்டில் பெட்ரோல் ஸ்கூட்டரோ மோட்டார் சைக்கிளோ இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். அதன் புகைப் பரிசோதனைச் சான்றிதழை அப்பாவிடமோ அம்மாவிடமோ கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் ஹைட்ரோகார்பன் அளவு என்று ஒரு வரி இருக்கும். ஆம், அன்று ஜன்னல் வழியே காற்றை இழுத்து ஹாகன் ஸ்மிட் கண்டுபிடித்த அதே குற்றவாளிதான்! சான்றிதழின் தேதி முடிந்து போயிருந்தால் புதிதாகச் சோதனை செய்யச் சொல்லுங்கள். நம் தெருக் காற்றைச் சுத்தமாக வைப்பதில் உங்களுக்கும் பங்கு உண்டு, குழந்தைகளே!