திருவோடு செய்த கைகள்!

மாரியம்மனுக்கு நோம்பி சாட்டிவிட்டால், கொங்கு நாட்டுப் பெண்கள் விரதமிருந்து பூவோடு எடுப்பார்கள். கனலும் அந்த மண்சட்டியை வனைந்து தருவது குயவரின் கைகள். அப்படி மண்ணைப் பிசைந்தே இறைவனின் திருவடியை அடைந்தவர் திருநீலகண்ட நாயனார்.

தில்லைச் சிதம்பரத்தில், குயவர் குலத்தில் பிறந்தவர் இவர். மண் பிசைவதும் சக்கரம் சுற்றுவதும் சூளை வைப்பதும்தான் குலத்தொழில். சிவனடியார்களுக்குத் திருவோடு செய்து கொடுப்பதைத் தன் தொண்டாகவே கொண்டார். ஆலகால விஷத்தை இறைவன் கண்டத்தில் தாங்கிய கருணையை எண்ணி எண்ணி உருகுவார். எப்போதும் அவர் நாவில் இருந்தது திருநீலகண்டம் என்ற திருநாமம்தான். அதுவே அவருக்குப் பெயராகவும் ஆனது.

ஆனால், இளமை அவரைச் சறுக்க வைத்தது. ஒரு பரத்தையின் வீட்டுக்குச் சென்று வந்தார். மனைவி ஊடல் கொண்டார். வீட்டுக் கடமைகளில் குறை வைக்கவில்லை. கணவரை மட்டும் நெருங்க விடவில்லை. சமாதானம் செய்யக் கணவர் அருகில் வந்தபோது, திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டு, தீண்டக் கூடாது என்று தடுத்தார். அதைப் பன்மையில் சொல்லிவிட்டார் அந்த அம்மையார்.

நாயனார் திகைத்து நின்றார். சொன்னது மனைவி, ஆனால், ஆணை இறைவன் பெயரால் அல்லவா? பன்மையில் சொன்னதால் அது பெண்குலம் முழுவதற்கும் பொருந்தும் என்று கொண்டார். இனி எந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டுவதில்லை என்று அந்தக் கணமே உறுதி பூண்டார்.

ஒரே வீடு. அதே சக்கரம், அதே அடுப்பு. அயலார் ஒருவருக்கும் தெரியாமல், இருவரும் அந்த ஆணையைக் காத்தார்கள். இளமை போனது, முதுமை வந்தது. திருவோட்டுத் தொண்டு மட்டும் நிற்கவே இல்லை!

ஓடு கேட்டு வந்த யோகி

இவர்களது பெருமையை உலகறியச் செய்யத் திருவுளம் கொண்டார் சிவபெருமான். சிவயோகியாக வந்து, ஓர் ஓட்டைக் கொடுத்து, பொன்னையும் மணியையும்விட மேலானது, பத்திரமாக வைத்திரு என்றார். பல நாள் கழித்து வந்து திருப்பிக் கேட்டார். ஓட்டைக் காணோம்! மறையச் செய்தவரே அவர்தானே?

வாழ்நாள் முழுவதும் ஓடு செய்தவர், ஓட்டைத் திருடியதாகப் பழி சுமந்தார். வேறு நல்ல ஓடு தருவதாகக் கெஞ்சினார், யோகி ஏற்கவில்லை. திருடவில்லை என்றால், மனைவியின் கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்றார். வழக்கு தில்லைவாழ் அந்தணர் சபைக்குப் போனது. அவர்களும் அதுவே நியாயம் என்றார்கள்.

கையைப் பிடித்தால் ஆணை முறியும். மறுத்தால் திருடன் என்ற பெயர் நிலைக்கும். மூங்கில் கோலின் ஒரு முனையைத் தாம் பிடித்து, மறுமுனையை மனைவியிடம் கொடுத்துக் குளத்தில் இறங்கினார். கையைப் பிடிக்கும்படி யோகி வற்புறுத்தினார். அப்போதுதான், இளமையில் செய்த பிழையையும் மனைவி இட்ட ஆணையையும் ஊரார் முன்னிலையில் வாய்விட்டுச் சொன்னார் நாயனார். சொல்லி மூழ்கினார்கள். எழுந்தபோது முதுமை நீங்கி இளமையோடு நின்றார்கள்! இடப வாகனத்தில் அம்மையப்பன் காட்சி தந்து அருளினார்.

சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில், தில்லைவாழ் அந்தணர்களுக்கு அடுத்தபடியாக வருபவர் இந்தக் குயவர். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இவரது வரலாற்றை 44 பாடல்களில் விரித்தார். அதில் அம்மையாரின் பெயர் இல்லை. அவரது சொல்லே நிற்கிறது.

அந்தத் திருநாமத்துக்கு நம் கொங்கு மண்ணிலும் ஒரு பெருமை உண்டு. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இங்கு வந்தபோது, உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் வாட்டியது. கொடிமாடச் செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டு அவர் பதிகம் பாட, நோய் விலகியது. திருநீலகண்டப் பதிகம் என்றே அதற்குப் பெயர்.

சிதம்பரம் நடராஜர் கோயிலுக்கு மேற்கே இளமையாக்கினார் கோயிலும், தம்பதி மூழ்கிய திருக்குளமும் இருக்கின்றன. தை விசாகம் நாயனாரின் குருபூஜை நாள். அன்று அருகிலுள்ள சிவாலயத்தில் 63 நாயன்மார்கள் வரிசையில் இவர்முன் ஓர் அகல் ஏற்றுங்கள். அந்த மண் அகல், அவரது தொழிலுக்கும் நாம் செய்யும் மரியாதை!