மாத்திரையை தூரப் போடாதீங்க!

எங்கள் ஊரில் உப்பளத்து வேலைக்குப் போகும் பெண்கள் சிலர், மாசமாக இருக்கும்போது ஆஸ்பத்திரியில் தரும் சத்து மாத்திரையை, குமட்டுகிறது என்று யாருக்கும் தெரியாமல் தூரப் போட்டு விடுகின்றனர். அந்த மாத்திரைக்குப் பின்னால், ஒரு பெண்ணின் உழைப்பு இருக்கிறது தோழியரே...

1888ல் இங்கிலாந்தில் பிறந்தவர், டாக்டர் லூசி வில்ஸ். கல்யாணம் செய்து கொள்ளாதவர். 1928ல் பம்பாய்க்கு வந்தார். அங்கே, பஞ்சாலையில் வேலை பார்த்த ஏழைக் கர்ப்பிணிகள், ரத்தசோகையால் உயிரை விட்டுக் கொண்டிருந்தனர். கிருமி காரணமில்லை, சாப்பாட்டில் தான் குறை என்று கண்டுபிடித்தார் லூசி. விலை குறைந்த, 'மார்மைட்' என்ற ஈஸ்ட் சாறை முதலில் குரங்குகளுக்கும், பிறகு கர்ப்பிணிகளுக்கும் கொடுத்தார், ரத்தம் ஊறியது. 1931ல் இதை உலகுக்கு அறிவித்தார். சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் ஆராய்ச்சி செய்தார். 1964ல் காலமானார்.

அந்தச் சத்தைத் தான், 1941ல் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, ஃபோலிக் ஆசிட் என்று பெயர் வைத்தனர். அதோடு இரும்புச் சத்தும் சேர்ந்தது தான், நமக்குத் தரும் மாத்திரை.

மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதீங்க. அது இரும்புச் சத்தால் வருவது. குமட்டினால், சாப்பிட்ட பிறகு போட்டுப் பாருங்க. அப்படியும் முடியலேன்னா டாக்டரம்மாகிட்டே சொல்லுங்க. குப்பையில் மட்டும் போட்டுடாதீங்க!

— ஒரு வாசகி, தூத்துக்குடி.