பட்டம் துறந்த எட்வர்டு

அயர்லாந்தின் நாடாளுமன்றம் இன்று கூடும் இடம் டப்ளின் நகரிலுள்ள லென்ஸ்டர் மாளிகை. அது முன்பு ஒரு குடும்பத்தின் வீடாக இருந்தது. அதனை 1745ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கியவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு என்னும் பிரபு. 1766இல் அரசர் அவருக்கு 'லென்ஸ்டர் டியூக்' என்னும் பட்டம் வழங்கினார். பிரபுக்களின் வரிசையில் மிக உயர்ந்த படி டியூக் ஆகும். அயர்லாந்தில் அன்று அப்பட்டம் உடையவர் அவர் ஒருவரே. அது பரம்பரைப் பட்டம். தந்தைக்குப்பின் மூத்த மகனையே சேரும். இளைய மகன்களுக்கு 'லார்டு' என்னும் அடைமொழி மட்டுமே கிடைக்கும்.

எட்வர்டு அத்தகைய இளைய மகன். 1763இல் பிறந்த அவர் பத்து வயதில் தந்தையை இழந்தார். பட்டமும் மாளிகையும் அண்ணன் வில்லியத்துக்கு உரியவாயின. எட்வர்டு படையில் சேர்ந்தார். அமெரிக்கர் விடுதலைக்காகப் போரிட்டபோது அவர்களை எதிர்த்த பிரிட்டிஷ் படையில்தான் அவர் இருந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

1781 செப்டம்பரில் தென் கரோலினாவில் கடும்போர் நிகழ்ந்தது. தொடையில் காயமுற்ற எட்வர்டு களத்திலேயே நினைவிழந்து கிடந்தார். அடிமைத்தளையிலிருந்து தப்பியிருந்த டோனி ஸ்மால் என்னும் கறுப்பினத்தவர் அவரைக் கண்டார். தம் குடிசைக்குத் தூக்கிச் சென்று உயிர்பிழைக்கச் செய்தார். எட்வர்டு அவரை ஊதியம் பெறும் பணியாளராகத் தம்முடன் அமர்த்திக்கொண்டார். அந்த நட்பு இறுதிவரை நீடித்தது.

நாடு திரும்பிய எட்வர்டு, அண்ணனின் செல்வாக்கால் 1783இல் அயர்லாந்து நாடாளுமன்ற உறுப்பினரானார். நாட்டு மக்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அம்மன்றத்தில் அமர அவர்களுக்கு உரிமையில்லை. பிறப்பினால் ஒருவர் உள்ளேயும் பிறப்பினாலேயே மற்றவர் வெளியேயும் நிற்பது அவருக்கு உறுத்தியது. 1792இல், புரட்சி நடந்துகொண்டிருந்த பாரிஸ் நகரில், ஒரு விருந்தின்போது தம் 'லார்டு' பட்டத்தைத் துறப்பதாக அவர் அனைவரும் அறிய அறிவித்தார். பிரிட்டிஷ் படை அவரை உடனே பதவியிலிருந்து நீக்கியது.

பின்னர் அவர் 'ஐக்கிய ஐரிஷ்காரர்' இயக்கத்தில் சேர்ந்தார். மதவேறுபாடின்றி மக்களைத் திரட்டி விடுதலைக் குடியரசு அமைக்க முயன்றது அவ்வியக்கம். பிரெஞ்சுப் படை உதவியுடன் கிளர்ச்சி செய்யவும் திட்டமிட்டது. அரசு 1798 மார்ச்சில் அதன் தலைவர்களைக் கைது செய்தது. எட்வர்டு தப்பினார். அவரைப் பிடிக்க ஆயிரம் பவுன் பரிசு அறிவிக்கப்பட்டது. டப்ளினில் வீடு மாறி வீடு ஒளிந்திருந்த அவரைக் காண டோனியால் செல்ல இயலவில்லை. ஊரறிந்த அவர் முகமே எட்வர்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மே 19ஆம் நாள் வீரர்கள் அவர் ஒளிந்திருந்த அறைக்குள் நுழைந்தனர். எட்வர்டு குறுவாளால் போராடினார். அவரால் காயமுற்ற அதிகாரி ஒருவர் பின்னர் இறந்தார். எட்வர்டும் தோளில் சுடப்பட்டார். நான்கே நாள்களில் கிளர்ச்சி வெடித்தது. வழிநடத்த வேண்டியவரோ சிறையில் கிடந்தார். ஜூன் 4ஆம் நாள், தம் முப்பத்துநான்காம் வயதில், அக்காயத்தாலேயே அவர் உயிர் நீத்தார். அதன் பின்னரும் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி அவரைத் துரோகி என அறிவித்து, உடைமைகளைப் பறித்தது. அச்சட்டம் 1819இல்தான் நீக்கப்பட்டது.