அரசியலமைப்பும் அண்ணல் அம்பேத்கரும்

ஒரு நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்தை வரைவோர் எக்குடியில் பிறந்தனர், எத்தகைய கல்வி பெற்றனர், யாருடைய வாக்கால் அவைக்கு வந்தனர் என்பனவெல்லாம் அச்சட்டத்தின் பிரிவுகளில் படிந்துவிடுகின்றன. இவ்வுண்மையை நம் நாட்டு வரலாற்றில் தெளிவுறக் காட்டுவது டாக்டர் பீமராவ் அம்பேத்கர் அவர்களின் வாழ்க்கையாகும்.

அம்பேத்கர் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், மத்திய இந்தியாவின் மாவ் என்னும் படைவீட்டு நகரில் பிறந்தார். தந்தையார் இராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதாராகப் பணியாற்றியவர். ஆயினும் மகர் குலத்தில் பிறந்த காரணத்தால் பள்ளியில் ஏனைய மாணவரோடு அமரும் உரிமை மகனுக்கு இல்லை. வீட்டிலிருந்து கொண்டுசென்ற கோணிச் சாக்கே அவருக்கு இருக்கையாயிற்று. தண்ணீர்க் குழாயைத் தம் கையால் தொடவும் அவருக்குத் தடை; பணியாள் திறந்துவிடாத நாளில் தாகத்தோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

பரோடா மன்னரின் உதவித்தொகையால் 1913இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். பின்னர் இலண்டனில் பொருளாதாரமும் சட்டமும் பயின்றார். பட்டங்கள் பல பெற்றும், 1917இல் பரோடாவில் அரசுப் பணி ஏற்கச் சென்றபோது தங்குவதற்கு ஓர் அறை கிடைக்காமல் அவர் அலைந்தார். 1927இல் மகத் நகரப் பொதுக்குளத்தில் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்று நீர் பருகினார். 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியை நிறுவி, கொங்கணத்து உழவரை வாட்டிய கோத்தி நிலமுறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை வகித்தார்.

1946இல் அமைந்த அரசியல் நிர்ணய சபைக்கு மக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லை. மாகாண சட்டசபை உறுப்பினர்களே அதன் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர். அச்சட்டசபைகளுக்கோ சொத்து, வரி, கல்வி ஆகியவற்றின் அடிப்படையில் வயதுவந்தோரில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவானோரே வாக்களிக்க இயன்றது. முதலில் வங்காளத்திலிருந்தும், பிரிவினைக்குப்பின் பம்பாயிலிருந்தும் அம்பேத்கர் அச்சபையில் இடம்பெற்றார். 1947 ஆகஸ்டு 29இல் அமைந்த எழுவர் கொண்ட வரைவுக் குழுவுக்கு அவரே தலைவரானார். சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், அசாமின் முன்னாள் பிரதமர் சையத் முகமது சாதுல்லா போன்ற பெருமக்கள் அக்குழுவில் இருந்தனர். கற்றறிந்த சட்ட வல்லுநர் பலர் இருந்த அக்குழுவில் உழவரோ ஆலைத் தொழிலாளரோ ஒருவரும் இல்லை.

அவ்வாண்டின் தொடக்கத்தில் அம்பேத்கர் ஒரு கோரிக்கை அறிக்கையை முன்வைத்திருந்தார். வேளாண் நிலமும் அடிப்படைத் தொழில்களும் காப்பீடும் அரசின் உடைமையாக வேண்டும். அதனை அரசியலமைப்பிலேயே எழுதிவிட வேண்டும் என்பது அதன் சாரம். அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. மாறாக, சொத்துரிமை அடிப்படை உரிமையாயிற்று. வாழ்க்கைக்குப் போதிய ஊதியமோ நீதிமன்றத்தின் வழியே வலியுறுத்திப் பெற இயலாத வழிகாட்டு நெறிகளுள் ஒன்றாய் நின்றது. சொத்துரிமை பற்றிய 31ஆம் பிரிவு காங்கிரஸ் தலைவர்களிடையே ஏற்பட்ட சமரசம் என்றும், அதற்கு வரைவுக் குழு பொறுப்பன்று என்றும் 1955இல் மாநிலங்களவையில் அவரே விளக்கினார்.

எனினும் அடித்தட்டு மக்களுக்கு அச்சட்டம் தந்தவை சிறியன அல்ல. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடுத்தது. 326ஆம் பிரிவு சொத்தும் படிப்பும் பாராமல் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை நல்கியது. கிணறு, குளம், நீராடு துறை ஆகியவற்றைப் பயன்படுத்த எவரையும் சாதியின் பேரால் தடுக்கலாகாது என்று 15ஆம் பிரிவு பெயர் சுட்டியே கூறுகிறது. குழாயடியில் தாகத்தோடு நின்ற சிறுவனை அறிந்தோர்க்கு அப்பிரிவின் பொருள் நன்கு விளங்கும்.

1949 நவம்பர் 25இல் ஆற்றிய நிறைவுரையில், அரசியலில் சமத்துவம் பெற்ற நாடு பொருளாதாரத்திலும் சமுதாயத்திலும் ஏற்றத்தாழ்வை நீடிக்கவிட்டால் மக்களாட்சிக்கே கேடு விளையும் என அவர் எச்சரித்தார். முதல் பொதுத்தேர்தலில் பம்பாயில் போட்டியிட்ட அவரே தோல்வியுற்றார். 1956 டிசம்பர் 6இல் அவர் மறைந்தார். 1978இல் நிறைவேறிய 44ஆம் திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கியது.

மாணவச் செல்வங்கள் அரசியலமைப்பைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் பயிலாது, அதில் எழுதப்பட்டது எது, எழுதப்படாது விடப்பட்டது எது, ஏன் என்று வினவிப் பயிலுதல் வேண்டும். அண்ணல் விட்டுச்சென்ற பணி அவ்வினாவிலிருந்தே தொடங்குகிறது.